ஆயிரம் பேக்லிங்க், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்

பவானியில் ஜமக்காளம் விற்கிற தம்பி ஒருவன் எனக்கு உண்டு. அப்பா காலத்துக் கடை, மூன்று மாதத்துக்கு முன்பு ஆரம்பித்த வலைத்தளம். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அண்ணா, ஆயிரம் பேக்லிங்க் போட்டுத் தர்றாங்களாமா. ஆயிரத்து ஐந்நூறு ரூபாதானுங்க. முப்பது நாள்ல கூகுள்ல மொதப் பக்கமாம். போட்டுறலாமுங்களா?" என்று கேட்டிருந்தான். பேக்லிங்க் என்றால் வேறு தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வருகிற இணைப்பு.

ஈரோட்டில் உட்கார்ந்து சின்னக் கடைகளுக்கு வலைத்தளம் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. இந்தக் கேள்வி மாதம் இரண்டு தடவையாவது வரும். வேண்டாம் என்று சொல்வது சுலபம். "ஏனுங்க?" என்று அடுத்து வருமே, அதற்குப் பதில் சொல்லத்தான் 1990-களுக்குப் போகவேண்டியிருக்கிறது.

அன்றைய தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்துக்குள் எழுதியிருப்பதையே நம்பின. 1995 கடைசியில் வந்த ஆல்டாவிஸ்டா அப்போது பெரிய அதிசயம். ஆனால் காரைப் பற்றி உருப்படியாக எழுதிய பக்கத்தை, கார் கார் என்று நூறு தடவை எழுதிய பக்கம் முந்திவிடும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களைக் கொட்டி வைப்பார்கள். படிக்கிறவர் கண்ணில் படாது, பொறி மட்டும் படித்துக்கொள்ளும். ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவர்களாக இருந்த, பின்னாளில் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் வெளியிட்ட கட்டுரையில், கிண்டலா தகவலா என்று தெரியாதபடி ஒரு வரி வரும். 1997 நவம்பரில் முன்னணியில் இருந்த நான்கு வணிகத் தேடுபொறிகளில், தன் பெயரைக் கொடுத்துத் தேடினால் முதல் பத்து முடிவுக்குள் தன்னையே காட்டக்கூடியது ஒன்றே ஒன்றுதானாம்.

பக்கத்தைப் பற்றிப் பக்கத்திடமே கேட்காமல் மற்றவர்களிடம் கேட்பது என்பதுதான் அவர்கள் செய்த மாற்றம். அது முழுக்கப் புதிய யோசனையும் இல்லை. ஒரு விஞ்ஞானக் கட்டுரையை வேறு எந்தெந்தக் கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்று தொகுக்கலாம் என யூஜின் கார்ஃபீல்டு 1955-லேயே எழுதி, 1960-களில் அதை ஒரு அட்டவணையாகவே கொண்டுவந்துவிட்டார். பேஜ் செய்தது, அந்த மேற்கோள் கணக்கை வலைப்பக்க இணைப்புகளுக்கு மாற்றியது. கூடவே ஒரு முக்கியமான திருத்தம்: எல்லா மேற்கோளுக்கும் ஒரே எடை கிடையாது.

நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கிற முறைதான் இது. பையனையே கேட்டால் தன்னைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வான், அதனால் அக்கம்பக்கத்தில் விசாரிப்போம். அதிலும் டீக்கடையில் நிற்கிற யாரோ ஒருவர் சொல்வதும், முப்பது வருஷமாக அதே ஊரில் இருக்கிற தலைமை ஆசிரியர் சொல்வதும் ஒன்றாகாது. ஆசிரியர் சொல்லுக்கு ஏன் மதிப்பு? ஊரில் நாலு பேர் அவரை மதிப்பதால். அந்த நாலு பேருக்கு ஏன் மதிப்பு? அவர்களை மதிக்கிறவர்களால். இப்படிச் சுற்றிச் சுற்றிப் போகிற கணக்கை ஓரிடத்தில் நிலைக்கு வரச் செய்கிற சூத்திரத்துக்குத்தான் பேஜ்ரேங்க் என்று பெயர். அதே ஆசிரியர் ஐந்நூறு பையன்களைத் தங்கமான பையன் என்று சொல்லி வைத்திருந்தால் அவர் சொல் ஐந்நூறு பங்காகப் பிரிந்துபோகும். அதையும் சூத்திரம் பார்த்துக்கொள்கிறது: ஒரு பக்கத்தின் மதிப்பு, அது கொடுத்திருக்கும் இணைப்புகளுக்குள் பங்கிடப்படும்.

இந்த முறைக்கான காப்புரிமை 2001-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பெயரில் கிடைத்தது. அதைப் பயன்படுத்திக்கொள்ள கூகுள் கொடுத்த 18 லட்சம் பங்குகளை 2005-ல் விற்றபோது பல்கலைக்கழகத்துக்கு 33.6 கோடி டாலர் வந்தது. அந்த 1998 கட்டுரையில் இன்னொரு வரியும் உண்டு. இந்தக் கணக்கில் ஒரு சின்ன மாறுதல் செய்தால் யாரும் வேண்டுமென்றே ஏமாற்றி மேலே வருவது ஏறக்குறைய முடியாத காரியமாகிவிடும் என்று. இருபத்தைந்து வருஷம் கழித்து அதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது.

ஏனென்றால் சந்தையைத் திறந்துவிட்டதே கூகுள்தான். 2000 டிசம்பரில் பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் ஒரு டூல்பாரைக் கொடுத்து, எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அதன் பேஜ்ரேங்க்கை 0 முதல் 10 வரை ஒரு பச்சைக் கோட்டில் காட்டியது. ஒருவர் சொல்லுக்கு என்ன எடை என்று நெற்றியில் எழுதி ஒட்டிவிட்டால் அந்தச் சொல்லுக்கு விலை வராமல் இருக்குமா? 2002-லேயே அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு நிறுவனம் பேஜ்ரேங்க்கைப் பார்த்து இணைப்புகளை விற்கும் தொழிலைத் தொடங்கியது. கொஞ்ச நாளில் அதன் மதிப்பெண் சரிந்தது. அது வழக்குப் போட்டது. பேஜ்ரேங்க் என்பது கூகுளின் கருத்து, கருத்துச் சொல்ல அதற்கு உரிமை உண்டு என்று 2003-ல் தீர்ப்பு வந்தது. என் தளத்தைக் கீழே தள்ளிவிட்டார்கள், கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வழக்கைத்தான்.

பிறகு கருத்துப்பெட்டி, விருந்தினர் பதிவேடு என்று எழுத இடம் இருந்த இடமெல்லாம் இணைப்பைக் கொட்டினார்கள். தாங்க முடியாமல் 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து நோஃபாலோ என்ற அடையாளத்தைக் கொண்டுவந்தன. இணைப்பு இருக்கும், ஆனால் நான் இதற்குப் பொறுப்பல்ல என்று அர்த்தம். 2007 ஜனவரியில் விக்கிப்பீடியா தன் வெளி இணைப்புகள் எல்லாவற்றுக்கும் அதைப் போட்டுவிட்டது. விக்கிப்பீடியாவில் இணைப்பு வாங்கித் தருகிறேன் என்று இன்றைக்கும் ஒருவர் விலை பேசினால், அவர் இந்தச் சேதி தெரியாதவராக இருக்கவேண்டும், இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறவராக இருக்கவேண்டும்.

தம்பிக்கு நான் விரிவாகச் சொன்ன கதை ஜேசி பென்னியுடையது. அமெரிக்காவின் பழைய பெரிய பல்பொருள் அங்காடி. 2010 கடைசியில், அங்கே கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிக்கிற மாதங்களில், உடுப்பு, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் கூகுளில் பென்னி முதலிடத்தில் வந்து நின்றது. சாம்சொனைட் பெட்டி என்று தேடினால் சாம்சொனைட்டின் சொந்தத் தளத்துக்கு மேலே பென்னி. சந்தேகப்பட்ட நியூயார்க் டைம்ஸ் ஒரு நிபுணரைக் கூப்பிட்டு ஆராயச் சொன்னது. பென்னியின் உடுப்புப் பக்கத்துக்கு, உடுப்புச் சம்பந்தமான சொற்களையே கிளிக் செய்யும் சொல்லாக வைத்து, 2,015 பக்கங்களிலிருந்து இணைப்பு இருந்தது. அவை எந்தத் தளங்கள் என்று பார்த்தால் நாய் வளர்ப்பு, குறட்டை, வைரத் துளைப்பான், குளியலறை ஓடு, மீன்பிடி, பல் வைத்தியர். பெரும்பாலானவை கவனிப்பாரற்றுக் கிடந்த தளங்கள். குறட்டையைப் பற்றி எழுதுகிறவர் நடுவில் ஏன் மாலை நேர உடுப்பைப் பரிந்துரைக்க வேண்டும்?

பத்திரிகை 2011 பிப்ரவரியில் அந்தச் சான்றுகளை கூகுளிடம் காட்டியது. அந்தப் புதன்கிழமை மாலை 7 மணிக்கு சாம்சொனைட் தேடலில் பென்னி முதலிடம். 9 மணிக்கு 71-வது இடம். வரவேற்பறைச் சாமான்களுக்கான தேடலில் 1-லிருந்து 68. இரண்டே மணி நேரம். எங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லிவிட்டு, தேடல் ஆலோசனைக்கு வைத்திருந்த நிறுவனத்தை பென்னி வீட்டுக்கு அனுப்பியது. மீண்டு வர மூன்று மாதம் ஆயிற்று.

தண்டனை வாங்கியவர்கள் பட்டியல் நீளம். பிரிட்டனில் பூ விற்கும் இன்டர்ஃப்ளோரா, உள்ளூர்ப் பத்திரிகைகளின் தளங்களில் கட்டுரை போல விளம்பரம் கொடுத்து இணைப்பு வாங்கியதாகச் சொல்லி, 2013 பிப்ரவரியில் 11 நாள் தேடலிலேயே காணாமல்போனது. இடம் கொடுத்த பத்திரிகைகளின் பச்சைக் கோடும் சரிந்தது. 2012 ஜனவரியில், குரோமுக்காகக் காசு வாங்கிக்கொண்டு எழுதப்பட்ட பதிவுகள் வெளியே வந்ததால், கூகுள் தன் குரோம் பக்கத்தையே கீழே இறக்க வேண்டியதாயிற்று. வேலியே பயிரை மேய்ந்தால் வேலிக்கும் அபராதம் என்று காட்டிக்கொண்டார்கள்.

ஆனால் இதையெல்லாம் சொல்லி, லிங்க் வாங்கினால் கூகுள் உன்னை அழித்துவிடும் என்று நான் தம்பியைப் பயமுறுத்தவில்லை. அது உண்மையும் இல்லை. 2012 ஏப்ரல் 24-ல் கூகுளின் தேடல் கணக்கில் பென்குயின் என்ற மாற்றம் வந்தபோது ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதம் ஆட்டம் கண்டது. அப்போது வாங்கிய இணைப்பு நிஜமாகவே தளத்தைக் கீழே இழுத்தது. 2016-க்குப் பிறகு அந்தக் கணக்கு உடனுக்குடன் நடக்கிறது, பெரும்பாலும் மோசமான இணைப்பைத் தண்டிப்பதற்குப் பதில் கண்டுகொள்ளாமல் விடுகிறது. 2022 டிசம்பரில் ஏமாற்று வேலையைக் கண்டுபிடிக்கும் ஸ்பேம்பிரெய்ன் என்ற பொறியை இணைப்பு விற்பவர்கள் வாங்குபவர்கள் இருபக்கமும் திருப்பினார்கள். நோக்கம் அதே, செல்லாததாக்குவது. ஆட்கள் பார்த்துக் கையால் கொடுக்கும் தண்டனை இன்னும் இருக்கிறது. ஆனால் இரண்டு மாதத் தளத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் லிங்க்கில் நடக்கக்கூடியது அநேகமாக ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான். காசு போகும், தளம் இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்த மாதம் அதே ஆள் "ஐயாயிரம் பேக்கேஜ் எடுத்திருந்தா வந்திருக்கும் சார்" என்பார்.

அந்த விளம்பரத்தில் 'டிஏ 50-க்கு மேல்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. டிஏ என்பது மாஸ் என்ற தனியார் நிறுவனம் தன் கணக்குப்படி 100-க்குப் போடும் மதிப்பெண். கூகுள் அதை எடுத்துக்கொள்வதில்லை. பச்சைக் கோட்டைக் கூகுள் 2016-ல் எடுத்துவிட்ட பிறகு, விற்கிறவர்களுக்குக் காட்ட ஒரு எண் வேண்டுமே, அந்த இடத்தை இது பிடித்துக்கொண்டது. தளம் முழுமைக்கும் மதிப்புக் கணிப்பதில்லை என்று கூகுள் ஆட்கள் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தார்கள். 2024 மே மாதம் கசிந்த உள் ஆவணங்களில் அப்படிப்பட்ட ஒரு பெயரில் ஒரு தகவல் கட்டம் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அது எதற்கு எவ்வளவு பயன்படுகிறது என்பது ஆவணத்தில் இல்லை. இணைப்பு முதல் மூன்று காரணிகளுக்குள் இல்லை என்று 2023-ல் கூகுள்காரர் ஒருவர் சொன்னதையும் நான் அப்படியே விழுங்குவதில்லை. யாருமே சுட்டாத ஒரு புதுத் தளத்தைக் கூகுள் எவ்வளவு சோம்பேறித்தனமாக வந்து பார்க்கிறது என்பதை நாள்தோறும் பார்க்கிறவன் நான்.

சரி, தம்பியின் தளத்துக்கு வருவோம். அன்று சாயங்காலம் அவன் சர்ச் கன்சோலைத் திறக்கச் சொன்னேன். அப்படியென்றால் என்னவென்று கேட்டான். நம் தளம் கூகுளில் எப்படித் தெரிகிறது என்று கூகுளே நமக்குக் காட்டுகிற கருவி. தளத்தைக் கட்டிக்கொடுத்தவர் அதைப் பற்றிச் சொல்லவே இல்லை. சேர்த்துவிட்டு முகப்பு முகவரியைச் சோதித்தோம். "நோஇன்டெக்ஸ் இருப்பதால் விலக்கப்பட்டது" என்று வந்தது. தளத்தைக் கட்டியிருந்த வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில் வாசிப்பு என்ற பகுதிக்குப் போனால், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று ஒரு சின்னக் கட்டம். தளத்தைக் கட்டும்போது அதில் டிக் போட்டு வைப்பது வழக்கம், முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டார்கள். இரண்டு மாதமாகக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசலில் 'இன்று விடுமுறை' என்று பலகையும் மாட்டியிருக்கிறான். ஆயிரம் இல்லை, லட்சம் லிங்க் வாங்கியிருந்தாலும் கூகுளில் வந்திருக்காது.

டிக்கை எடுத்தோம், சைட்மேப்பைக் கொடுத்தோம். சைட்மேப் என்பது பக்கங்களின் பட்டியல்தான், ஒரு கோப்பில் 50,000 முகவரி வரை போடலாம். தம்பியிடம் இருந்தது முப்பத்திரண்டு. பட்டியல் கொடுத்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. 'கண்டறியப்பட்டது, இன்னும் பட்டியலில் இல்லை' என்று கன்சோல் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும். முகப்பிலிருந்தே போய்ச்சேர முடியாத பக்கங்களுக்குத்தான் இந்தக் கதி அதிகம். அவன் தளத்தில் பட்டு ஜமக்காளப் பக்கத்துக்கு உள்ளிருந்தே ஓர் இணைப்பும் இல்லை. வெளியே லிங்க் தேடப் புறப்படுவதற்கு முன் நம் வீட்டு அறைகளுக்குள் கதவு வைத்தாக வேண்டும்.

அடுத்தது தமிழ். இதில் எஸ்இஓ, அதாவது தேடலில் மேலே வருகிற வேலை பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கையேடுகள் பாதி வழியில் கைவிட்டுவிடும். ஜமக்காளம் என்பாரும் உண்டு, ஜமுக்காளம் என்பாரும் உண்டு, என் அப்பச்சி கடைசிவரை சமுக்காளம் என்றுதான் சொன்னார். பாதிப் பேர் இதையே ஆங்கில எழுத்தில், அதிலும் இரண்டு மூன்று விதமாகத் தட்டித் தேடுகிறார்கள். தம்பியின் பக்கத்தில் இருந்தது 'காட்டன் கார்பெட்' என்று ஆங்கிலத்தில் மட்டும். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு 2005-06-லேயே கிடைத்துவிட்டது. அந்தப் பெயரே அவன் தளத்தில் எங்கும் தமிழில் இல்லை! எல்லா எழுத்துக்கூட்டலையும் வரிசையாகக் கொட்டிவைத்தால் அது ஆல்டாவிஸ்டா காலத்து வெள்ளை எழுத்து வேலை ஆகிவிடும். 'எங்கள் பக்கம் சமுக்காளம் என்றும் சொல்வோம்' என்று வாக்கியத்துக்குள் இயல்பாக வந்தால் போதும்.

முகவரியிலும் ஒரு சின்னச் சிக்கல். ஜமக்காளம் என்ற சொல்லை வலை முகவரியில் போட்டால் பிரவுசர் அழகாகத் தமிழில் காட்டும். அதையே நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளாகக் கொட்டும். புள்ளியும் துணைக்காலும் சேர்த்து அந்தச் சொல்லில் கணினி எண்ணும் குறிகள் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று எழுத்து. ஆக ஒரே சொல் 81 எழுத்தாக நீளும். தேடலுக்கு இதனால் கெடுதல் இல்லை, தமிழ் முகவரி கூகுளுக்குப் புரியும். ஆனால் மாமா ஒருவர் அந்தச் சதவீதச் சரத்தைப் பார்த்து வைரஸ் என்று நினைத்து அழித்துவிட்டார். அதனால் முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாகவும், தலைப்பையும் உள்ளே இருப்பதையும் தமிழிலும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அவன் கேட்ட லிங்க். காசில்லாமல் யார் கொடுப்பார்கள் என்றான். முதலில் ஏற்கெனவே உறவு இருக்கிற இடங்கள்: அவன் நூல் வாங்கும் ஆலை, சரக்கு எடுக்கிற சென்னைக் கடை, உறுப்பினராக இருக்கிற வியாபாரிகள் சங்கம். இவர்கள் தளத்தில் பெயர் மட்டும் இருந்தது, முகவரி இல்லை. ஒரு போன் போட்டால் வேலை முடிந்தது. கூகுள் மேப்பில் கடையைச் சரியான நேரம், போன் நம்பரோடு சேர்த்தோம். ஊர்க்கடைக்கு இதனால் வருகிற ஆள் லிங்க்கால் வருவதைவிட அதிகம் என்பது என் அனுபவம்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் மற்றவர்கள் சுட்டிக்காட்ட ஏதாவது வேண்டும். 'எங்கள் தரமான தயாரிப்புகள்' என்ற பக்கத்தை யாரும் சுட்டமாட்டார்கள். விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று சொல்லி விற்பது பவானிக்காரர்களின் பழைய வயிற்றெரிச்சல். இரண்டையும் புரட்டிப் போட்டுப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, எங்கே பார்த்தால் வித்தியாசம் தெரியும் என்று நெய்கிறவரே சொல்கிற பக்கம் ஒன்று இருந்தால்? ஜவுளி படிக்கிற மாணவர் அதைத் தன் ஆய்வேட்டில் போடுவார், கைத்தறி பற்றி எழுதுகிற நிருபர் அதற்கு இணைப்புக் கொடுப்பார். எல்லாரும் கொடுத்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. பத்து நல்ல பக்கம் எழுதினால் இரண்டுக்கு வரும். நாளாகும். தேடல் வேலைக்குப் பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஒரு வருஷம் ஆகும் என்று 2017-ல் கூகுளே வெளியிட்ட காணொளியில் சொல்கிறார்கள். முப்பது நாள்காரர் இதை எப்படியோ முந்திவிடுகிறார்.

டிக்கை எடுத்த பதினெட்டாம் நாள் தம்பி கன்சோலின் படம் ஒன்றை அனுப்பினான். முகப்பும் நான்கு பக்கங்களும் பட்டியலில் ஏறியிருந்தன. அந்த வாரம் அவன் தளம் தலைகாட்டிய தேடல்கள் மொத்தம் ஏழு, கிளிக் ஒன்றுமில்லை. அவன் கடைப் பெயர், பவானி ஜமக்காளம் விலை என்று எதிர்பார்த்தவைதான் பெரும்பாலும். ஒன்று மட்டும் வேறு மாதிரி: 'சமுக்காளம் சாயம் போகாம துவைக்கறது எப்படி'. எங்கோ நாற்பதாவது இடத்தில் நின்றிருக்கிறான்.

"இதுக்கு நம்ம பக்கத்துல ஒண்ணுமே எழுதலையேங்கண்ணா" என்றான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கெங்கீங்க தெரியும். அம்மாவைத்தான் கேக்கோணும்."

மறுநாள் ஒரு ஒலிப்பதிவு வந்தது. பதினொரு நிமிஷம். பின்னால் தறிச் சத்தம்.